கடதாசி அளவு இடைவெளி

சென்ற தை மாதத்தில் ஒருநாள் பத்தாந் தரத்து மாணவருக்குப் புணர்ச்சி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். நிலைமொழி இன்னது, வருமொழி இன்னது, இரண்டும் சேருமிடத்தில் தோன்றலும் திரிதலும் கெடுதலும் எவ்வாறு நிகழும் என்று கரும்பலகையில் எழுதி விளக்கினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். அவன் வழக்கமாக வாய் திறப்பவன் அல்லன்.

“ஐயா, துவக்கு என்பது வினைச்சொல்லா, பெயர்ச்சொல்லா?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. ‘தொடங்கச் செய்’ என்னும் பொருளில் அது ஏவல் வினை. சுடுகருவி என்னும் பொருளில் அது பெயர். முன்னது நம்முடைய சொல். பின்னது துருக்கி மொழியிற் பிறந்து, பாரசீகமும் இந்துத்தானியும் கடந்து, தமிழகத்திலே துப்பாக்கியாகவும் ஈழத்திலே துவக்காகவும் நிலைத்த வந்தேறிச் சொல் என்பர். சிங்களரும் துவக்குவ என்றே வழங்குவர். பறங்கியர் கொண்டுவந்தமையாற் பீரங்கி பெயர் பெற்றது. இவ்வளவும் சொல்லி அவனை இருத்தினேன்.

மணி அடித்ததும் அவன் போகவில்லை. மேசையருகே வந்து நின்றான். வளவிலே கிணறு வெட்டியபோது அவனுடைய தகப்பனார் ஓர் இரும்புக் குழலைக் கண்டெடுத்தாராம். மரப்பிடியைக் கறையான் தின்றுவிட்டதாம். கம்மாலைக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தை அடைப்பித்துவிட்டால், வயலுக்கு இறங்கும் பன்றிக்கு ஒரு வெடி வைக்கலாம் என்று வீட்டிலே பேச்சாம்.

“அது சுடுமா, ஐயா?”

இக்கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. தமிழாசிரியன் ஒருவனுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் நினைக்கலாம். துவக்கைப் பற்றி எனக்குப் பலவும் தெரியும். சிறு வயதில் நேர்ந்த ஒரு காரியத்தினால், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பொருளைப் பற்றி எங்கே எது எழுதப்பட்டிருந்தாலும் தேடிப் படித்து வந்திருக்கிறேன். அக்காரியத்தை இக்கட்டுரையின் முடிவிலே சொல்லுவேன்.

வன்னி நாட்டுக்குத் துவக்கு புதிதன்று. 1803ஆம் ஆண்டு ஆவணி மாதம் 25ஆம் நாள் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்பவனுடைய படை அவனை முறியடித்தது. அச்செய்தியை ஆங்கிலேயர் கல்லிலே பொறித்து நாட்டினர். எங்கள் ஊர் அவ்விடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. தோல்வியின் நினைவாக நாட்டப்பட்ட கல்லை, எங்கள் ஊரார் வீரத்தின் நினைவாகக் காட்டி எங்களை வளர்த்தனர்.

அக்காலத்துப் பிரித்தானியப் படைவீரன் கையிலிருந்தது ‘பிரௌன் பெஸ்’ என்னும் சக்கிமுக்கித் துவக்கு. வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு இடிகோலால் இடித்துச் சுடுவது. இன்றும் எங்கள் நாட்டிலே அவ்வகைக்கு ‘இடியன்’ என்று பெயர். அதன் குழல்வாய் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. அதற்குள் இட்ட ஈயக்குண்டோ ஏறத்தாழ 69 பங்கு. குண்டு குழலைவிடச் சிறியதாய் இருந்தாற்றான் சுடச்சுடக் கரி படிந்த குழலுக்குள்ளும் விரைவாக இறங்கும். முன்புறத்திலே அந்த இடைவெளி வேண்டப்பட்டது. பின்புறமோ திருகாணி கொண்டு நிரந்தரமாக அடைக்கப்பட்டிருந்தது. அங்கே இடைவெளி என்னும் பேச்சுக்கே இடமில்லை.

இத்தொழிலிலே நம் தீவினர் பிறருக்குப் பிந்தியவரல்லர். கண்டி நாட்டுக் கம்மியர் செய்த துவக்குகளைப் பறங்கியரே புகழ்ந்தனர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோய், பின்பு ஆம்ஸ்டர்டாம் நகர அரும்பொருட் சாலையில் வைத்திருந்த லெவ்கே திசாவையின் அணிப்பீரங்கியோடு, ‘மகா துவக்கு’ எனப்படும் மதிற் துவக்குகள் இரண்டும் 2023ஆம் ஆண்டு இறுதியில் இலங்கைக்குத் திரும்பி வந்தன. அச்செய்தியைப் படித்தபோது, எங்கள் வீட்டு மூலையிற் கிடந்த அந்தச் சொல் ஒல்லாந்து வரை போய் மீண்டதை எண்ணி வியந்தேன்.

இனி, பின்புறம் திறக்கும் துவக்கு வந்த கதையைக் கூறுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மருந்தையும் குண்டையும் கடதாசியிற் சுற்றித் தோட்டாவாகக் கொடுத்தனர். அக்கடதாசிக்குப் பூசிய கொழுப்பே 1857இல் வட இந்தியாவிற் பெருங் கிளர்ச்சி மூளக் காரணங்களுள் ஒன்றாயிற்று. தோட்டாவுக்கு ஆங்கிலர் வழங்கும் ‘கார்ட்ரிட்ஜ்’ என்னும் சொல் இத்தாலிய மொழியிற் கடதாசிச் சுருள் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நாம் வழங்கும் கடதாசி என்னும் சொல்லும், அதுவும் தொன்மையிலே கிரேக்கச் சொல் ஒன்றினுள் ஒன்றுபடுவன. எனவே கடதாசியும் தோட்டாவும் சொல்லளவில் உறவினர். இவ்வுறவை வாசகர்கள் நினைவில் இருத்துக.

1860களில் ஸ்னைடர் என்பாருடைய முறைப்படி பழைய என்பீல்ட் துவக்குகளின் பின்புறத்தை வெட்டிக் கதவு வைத்தனர். 1871இல் மார்ட்டினி ஹென்றி வந்தது. 1888இல் .303 றைபிள் வந்தது. கடதாசிக்குப் பதிலாகப் பித்தளைக் கோது வந்தது. பின்புறத்திற் கதவு வந்தது. கதவு என்றால் இடைவெளியும் உண்டன்றோ?

தோட்டா இருக்கும் இடத்தை அறை என்போம். அறையின் முன்பக்கத்திலே தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. பின்பக்கத்திலே கதவின் முகம் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் ‘தலையிடைவெளி’ என்று நான் பெயரிட்டு வழங்குகிறேன். தோட்டாவுக்கு மனிதருக்கு இருப்பதுபோலத் தலையும் கழுத்தும் தோளும் வாயும் உண்டு. .303 தோட்டாவும் வேட்டைத் துவக்கின் தோட்டாவும் தலையின் விளிம்பினால் தடுக்கப்படுவன. ஜேர்மனியரின் மௌசர் தோட்டா தோளினால் தடுக்கப்படுவது. 1911ஆம் ஆண்டின் .45 கைத்துவக்குத் தோட்டா வாயின் ஓரத்தினால் தடுக்கப்படுவது. 1912இல் லண்டன் நகரத்து ஹொலண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட .375 மக்னம் தோட்டாவுக்கு இடையிலே ஒரு கச்சை கட்டிவிட்டனர். அது கச்சையினால் நிற்பது. எதனால் நின்றாலும் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவேண்டும் என்பதே விதி.

நில்லாவிட்டால் என்ன நேரும்? மருந்து எரியும்போது .303 றைபிளின் அறைக்குள் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறத்தாழ 45,000 இறாத்தல் அமுக்கம் எழுகின்றது. அவ்வேளையிலே பித்தளைக் கோதின் மெல்லிய முன்பகுதி விரிந்து அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்பற்றுதலாலேயே புகை பின்னே வாராமல் அடைபடுகிறது. கோதின் தடித்த பின்பகுதியோ பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கதவின் முகத்திலே சாயும். கதவு அணைய நின்றால் கேடில்லை. இடைவெளி மிகுந்தால், முன்பகுதி பற்றி நிற்கப் பின்பகுதி பெயர, இடையிலே பித்தளை இழுபடும். மிகவும் இழுபட்டால் அறும். அறுந்த இடத்தின் வழியாகத் தீயும் புகையும் பித்தளைத் துண்டும் வெளிப்படும். அவை வெளிப்படும் திசையிலே சுடுபவனுடைய முகம் இருக்கிறது.

எவ்வளவு இடைவெளி மிகை? பிரித்தானியரின் நான்காம் இலக்க .303 றைபிளுக்கு விதித்த அளவு, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டால் 64 கூறு முதல் 74 கூறு வரை. இடையிலே உள்ள சலுகை பத்துக் கூறு. நாம் எழுதும் கடதாசி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ நான்கு கூறு. எனவே முழுச் சலுகையும் இரண்டரைக் கடதாசியின் தடிப்பே. தேய்மானத்தை ஈடுசெய்ய அந்த றைபிளின் கதவுத் தலையை நான்கு அளவுகளிற் செய்து, 0, 1, 2, 3 என இலக்கமிட்டு வைத்திருந்தனர். அடுத்தடுத்த இலக்கங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு மூன்று கூறளவே. ஒரு கடதாசியின் தடிப்புங்கூட இல்லை. பண்டார வன்னியன் காலத்துத் துவக்கிலே குண்டுக்கும் குழலுக்கும் இடையே 60 கூறு வெளி இருந்தும் அது குற்றமாகவில்லை. கதவு வைத்த துவக்கிலோ பத்துக்கு மேற்பட்டாற் குற்றம். கருவி நுட்பமாக ஆக, பிழைக்கு இடம் சுருங்குகிறது.

இதைக் கண்டறிய இரண்டு இரும்பு அளவிகள் உள. ஒன்று குறைந்த அளவினது. அதை அறையில் இட்டுக் கதவைச் சாத்தினால் சாத்தவேண்டும். மற்றொன்று மிகுந்த அளவினது. அதை இட்டாற் கதவு சாத்தக்கூடாது. முன்னதற்குப் ‘போ’ என்றும் பின்னதற்குப் ‘போகாதே’ என்றும் ஆங்கிலத்திற் பெயர். இலக்கணகாரன் எனக்கு அப்பெயர்கள் மிகவும் பிடித்துப்போயின. விதியும் விலக்கும் என்று நாம் சூத்திரம் செய்வதை, அவர்கள் இரும்பிலே செய்து வைத்திருக்கிறார்கள். நாமும் கடதாசியிலும் மெல்லிய அளவை வைத்திருப்பவர்களே. உகரத்துக்கு மாத்திரை ஒன்று, குற்றியலுகரத்துக்கு அரை, மகரக் குறுக்கத்துக்குக் கால். ஒரு மாத்திரை என்பது இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரம் என்று நூலோர் வகுத்தனர்.

தொழிற்சாலையிற் செய்த துவக்குக்கும் தோட்டாவுக்கும் இவ்வளவுகளை நாட்டுக்கு நாடு சபைகள் வைத்துக் காக்கின்றன. பேர்மிங்காம் நகரத்திலே 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சோதனைச்சாலை, மிகை மருந்திட்டுச் சுட்டுப் பார்த்துக் குழலிலே முத்திரை குத்துகிறது. அமெரிக்காவிலே துவக்குச் செய்வோர் 1926இல் சங்கம் அமைத்து அளவுகளை வகுத்தனர். ஆயினும் இச்சபைகளின் ஏட்டில் ஏறாத தோட்டாக்களும் உலகில் உண்டு. தனிமனிதர் தம் விருப்பத்துக்குக் கழுத்தை ஒடுக்கியும் தோளை நிமிர்த்தியும் ஆக்கிக்கொள்பவை அவை. அமெரிக்கர் அவற்றுக்குக் ‘காட்டுப்பூனை’ என்று பெயரிட்டனர். வீட்டிற் கட்டி வளர்க்கப்படாதது என்பது கருத்துப்போலும். வன்னியில் வாழும் எங்களுக்குக் காட்டுப்பூனை என்றால் நன்றாக விளங்கும்.

காட்டுப்பூனைகளிற் சில நாளடைவில் வீட்டுப்பூனையாவதும் உண்டு. .22-250 என்னும் தோட்டா பல ஆண்டு ஊரூராய்த் திரிந்து 1965இல் ரெமிங்டன் நிறுவனத்தாரால் ஏற்கப்பட்டது. .25-06 என்பதை அவர்கள் 1969இல் ஏற்றனர். இத்துறையிலே பெயர் பெற்றவர் பார்க்கர் அக்லி என்பவர், 1989இல் மறைந்தார். அவர் பழைய கோதுகளின் சரிவை நிமிர்த்தித் தோளைக் கூராக்கினார். தொழிற்சாலைத் தோட்டாவையே அவருடைய அறையிலிட்டுச் சுட்டால், கோது அறையின் வடிவத்துக்கு விரிந்து புது வடிவம் பெறும். அம்முதல் வெடியிலே கோது இழுபட்டு அறாமல் இருக்கவேண்டுமே! அதற்காக அறையின் இடைவெளியை வழக்கத்திலும் சில கூறு குறைத்து வைத்தார். கதவு சிறிது இறுக்கமாகவே சாத்தும். தளர்வாகச் சாத்துவது சுகம். இறுக்கமாகச் சாத்துவது காப்பு.

நம் பக்கத்து வரலாற்றிலும் இத்தகைய செய்திகள் உள. 1907இல் இந்தியாவிலே .450 அளவான வேட்டை றைபிள்களை அரசினர் தடுத்தனர். படைக்கலத் தோட்டா கிளர்ச்சியாளர் கைக்குப் போகலாகாது என்பது காரணம். உடனே ஆங்கிலத் துவக்குக்காரர் .470, .465 எனப் புதுப்புது அளவுகளை உண்டாக்கி விற்றனர். இந்தியாவிற் குடிமக்கள் .303 வைத்திருக்கலாகாது என்பதனால், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலை, பழைய ஒஸ்திரிய மன்லிக்கர் தோட்டாவின் வழிவந்த .315 தோட்டாவுக்கு றைபிள் செய்தது. சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் கம்மியன் மற்றொரு வாயிலைத் திறக்கிறான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் ஏறிய தோட்டாவுக்குப் பொறுப்பு ஊருக்குப் பொது. காட்டுப்பூனைக்குப் பொறுப்பு, அதை ஆக்கியவன் ஒருவனே. அறையைக் கடைந்த அளவு அவனுடைய ஏட்டிலும் தலையிலும் மாத்திரம் இருக்கிறது. அவன் அதைக் குழலிலே பொறித்து வைக்காமலும், கேட்பவனுக்கு முழுவதும் சொல்லாமலும் விட்டால், அடுத்துச் சுடுபவன் குருடனாகவே சுடுகிறான். குருடன் என்னும் சொல்லை நான் அறிந்தே எழுதுகிறேன்.

1982ஆம் ஆண்டு தை மாதம். எனக்குப் பதினொரு வயது. பெரும்போக நெல் பால் பிடித்து முற்றும் காலம். ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களிலே பன்றி இரவிரவாக இறங்கிற்று. எங்கள் அம்மானிடம் ஒற்றைக்குழற் துவக்கு ஒன்று இருந்தது. உரிமம் பெற்றது, பன்னிரண்டாம் அளவினது, அதாவது, ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு குண்டாக வார்த்தால் ஒரு குண்டு போகும் வாயுடையது. அவருடைய தகப்பனார் காலத்துப் பொருள். நடுவிலே முறித்துத் தோட்டா இடுவது. அம்மான் கடையிலே புதுத் தோட்டா வாங்குவது அரிது. பழைய பித்தளைக் கோதுகளிலே தாமே மருந்து அடைப்பார். ஒரு வகையிலே அவையும் காட்டுப்பூனைகளே.

துவக்கு முறிக்கும்போது ஆடுகிறது என்று கம்மாலையிற் கொடுத்திருந்தார். அதை வாங்கிவர என்னை அனுப்பினார். அன்றிரவு பரணுக்கு என்னையும் கூட்டிப்போவதாக வாக்களித்திருந்தார். நான் ஓடினேன்.

கொல்லர் முதியவர். துவக்கைச் சாத்திப் பிடித்துக்கொண்டு, என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, குழலின் பின்முகத்துக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்தார். தாள் தடையின்றி உள்ளே போய் வந்தது. மடித்து இரண்டாக்கினார். அப்போதும் போயிற்று.

“தம்பி, கொம்மானிட்டைச் சொல்லு. ஆணி தேஞ்சு போச்சு. கதவு அணையேல்லை. புது ஆணி கடைஞ்சு போடுமட்டும் ஒரு வெடியும் வைக்க வேண்டாம். இதைக் காட்டத்தான் துவக்கைத் தந்துவிடுறன்; நாளைக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லு.”

“ஒரு கடதாசி அளவுதானே, அப்பு?”

“கடதாசி எண்டு நினையாதை, மோனை. வெடிக்குள்ளை இருக்கிற காத்துக்கு அது படலை.”

வீட்டுக்கு வந்தேன். அம்மான் முற்றத்திலே சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். “என்னவாம்?” என்று கேட்டார். நான் சொன்ன விடை இன்றும் எழுத்துப் பிசகாமல் நினைவிலிருக்கிறது: “கொஞ்சம் தளர்வாம், மாமா. ஒரு கடதாசி அளவுதானாம்.”

நான் சொன்னதிற் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. தளர்வு என்பது மெய். கடதாசி அளவு என்பதும் மெய். வெடி வைக்க வேண்டாம் என்ற வாக்கியம் ஒன்றை மாத்திரம் விழுங்கிவிட்டேன். விழுங்கிய காரணத்தையும் மறைக்கமாட்டேன். அதைச் சொன்னால் அன்றிரவு பரணுக்குப் போக முடியாது.

அம்மான் சிரித்தார். “கடதாசிக்குப் பயந்தால் பண்டிக்கு ஆர் பதில் சொல்லுறது?” என்றார்.

முதல் இரண்டு இரவும் பன்றி வரவில்லை. காலையிலே கொல்லரிடம் போவோம் என்று அம்மான் சொல்லவும் இல்லை. நான் நினைவூட்டவும் இல்லை. மூன்றாம் இரவு நிலவு காலித்திருந்தது. வரம்பருகே நெல் சரியும் ஓசை கேட்டது. அம்மான் பரணிலே முழந்தாளிட்டுத் துவக்கைத் தோளில் அணைத்தார். நான் அவருக்கு இடப்பக்கம் ஓர் முழத்துக்குள்ளே இருந்தேன். வெடி கேட்டது. வழக்கமாக நெருப்பு முன்னேதான் தெரியும். அன்று பின்னேயும் தெரிந்தது. ஒரு கண்ணிமை நேரம், ஒரு மாத்திரை.

பழங்கோதின் தலை பிளந்துவிட்டது. அணையாத கதவின் இடுக்கால் வந்த தீயும் பித்தளைச் சிதறும் அவருடைய வலக் கண்ணிற் பாய்ந்தன. உழவு யந்திரத்தில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோயினர். உயிர் தப்பியது, கண் தப்பவில்லை. ஊரார், பழைய தோட்டாவைப் பழித்தனர், மருந்தைப் பழித்தனர், விதியைப் பழித்தனர். கொல்லர் வீட்டுக்கு வந்து முற்றத்திலே நின்றார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். பிழையை அவர் தம் தலையில் ஏற்றுக்கொண்டாரோ, என் வயதை எண்ணி மௌனமாயினாரோ, அறியேன். அவர் இறந்து பல்லாண்டாயிற்று.

பின்பு போர் வந்தது. ஊரிலிருந்த வேட்டைத் துவக்குகள் ஒவ்வொன்றாக இல்லாமற் போயின. வேறு துவக்குகள் வந்தன. அவற்றின் கதை இக்கட்டுரைக்கு உரியதன்று. இலக்கணம் படித்தேன், பண்டிதனானேன், ஆசிரியனானேன். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் புத்தகங்களை இழந்தேன். கொல்லர் சொன்ன வாக்கியம் மாத்திரம் இழக்கப்படவில்லை.

2009ஆம் ஆண்டு, போர் முடிந்தபின், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலே ஒரே கூடாரத்தில் அம்மானும் நானும் இருந்தோம். அவருக்கு எழுபது வயது நெருங்கிற்று. ஒருநாள் தண்ணீருக்கு வரிசையில் நின்று திரும்பி வந்து, அவருடைய கால்மாட்டில் இருந்து, இருபத்தேழு ஆண்டாக விழுங்கிவைத்ததைச் சொன்னேன். கொல்லர் மொழிந்தபடியே, ஒரு சொல்லும் குறைக்காமற் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: “நீ சொல்லியிருந்தாலும் நான் சுட்டிருப்பன், தம்பி. அண்டைக்குப் பண்டி வயலுக்கை நிண்டது.”

அது மெய்யா, அன்றி என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றுவரை என்னால் துணிய முடியவில்லை. அவர் வறுமையை நான் அறிவேன். புது ஆணிக்குக் கொடுக்கக் காசு இருந்திராது. அவர் அன்பையும் நான் அறிவேன். இரண்டு வழியாலும் பொருள் கொள்ள இடமுண்டு. உரையாசிரியர் பலருடைய உரைகளைப் பயின்ற எனக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்கு மாத்திரம் உரை காணக் கூடவில்லை. முகாமை விட்டு வெளியேறி அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

ஆனால் ஒன்று தெளிவு. அவர் சுட்டிருப்பாராயினும், அறிந்து சுட்டிருப்பார். அறியும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான். செய்தி கொண்டுபோகின்றவன் அதிலே ஒரு கடதாசி அளவு குறைத்தாலும், கேட்பவன் முகத்துக்கு நேரே ஒரு படலை திறக்கிறது.

மாணவனுடைய கேள்விக்கு வருகின்றேன். மண்ணிலே பல்லாண்டு கிடந்த குழல் உள்ளே எவ்வளவு தின்னப்பட்டிருக்கும் என்பது வெளியே தெரியாது. அதற்கு எந்தத் தோட்டாவின் அறை கடையப்பட்டது என்பதை அறியப் பொறிப்பும் எஞ்சியிராது. கம்மாலையிற் பின்புறத்தை அடைத்தால், அவ்வடைப்பை அளந்து ‘போகாதே’ என்று சொல்ல அளவியும் இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமமில்லாத் துவக்கை வைத்திருப்பது குற்றம். கட்டுத்துவக்கு வைப்பதும் குற்றம். இன்றும் வன்னிக் காடுகளிலே இடியனாலும் கட்டுத்துவக்காலும் பன்றிக்கு வைத்த வெடி மனிதன் காலையும் யானையின் காலையும் முறிக்கின்றது. தோண்டி எடுத்த இரும்பைத் தொடாமல் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவிப்பதே தகும். பன்றிக்கு வேலி உண்டு, காவல் உண்டு, தீப்பந்தம் உண்டு. கண்ணுக்கு மாற்று இல்லை.

இவ்வளவையும் அப்பையனிடம் சொல்லி, “வீட்டிலே போய்ச் சொல்லு” என்று அனுப்பியிருக்கலாம். அவன் நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்கும் வயது பதினைந்து. அவன் வீட்டு வயலிலும் நெல் முற்றியிருந்தது. அவனுக்கும் வெடிச் சத்தம் கேட்க ஆசை இருந்தது. அதை அவன் கண்ணிலே கண்டேன்.

மாலையிற் பள்ளிக்கூடம் விட்டதும் ஈருருளியை எடுத்துக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன்.